கம்ப்யூட்டர் சாமியாரின் மவுசு

“டொய்ங்!”

சத்தம் கேட்டதுதான் தாமதம், கூரியர் ஆபீஸ் வாசலில் நின்றிருந்த நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கைகூப்பினார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். இன்னொருவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உள்ளே குழந்தை பிறந்துவிட்டதோ என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பழைய கம்ப்யூட்டருக்குப் போயிருந்த குரல் திரும்பி வந்திருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

கதவு திறந்தது. முதலில் புகை வந்தது. புகைக்குப் பின்னால் தாடி வந்தது. தாடிக்குப் பின்னால், ஒரு கையில் மணியும் மறு கையில் மயிலிறகுக் கட்டுமாகக் கம்ப்யூட்டர் சாமியார் வந்தார்.

“பேயை ஓட்டிட்டேன்,” என்றார். “இனிமே பாட்டு வரும், தாள் வரும், காத்தும் வரும்.”

காற்று என்பது இன்டர்நெட்டுக்குச் சாமியார் வைத்திருந்த பெயர். அவர் எதையும் நேரான பெயரால் சொல்லமாட்டார். நேராகச் சொன்னால் நமக்குப் புரிந்துவிடுமே!

“சாமி, உள்ள என்ன பண்ணீங்க?” என்று ஜெராக்ஸ் கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

“நான் என்னப்பா பண்ணேன்? மணி அடிச்சேன், மந்திரம் சொன்னேன். மெஷினை நான் தொடறதே இல்லை. மந்திரம்தான் தொடும்.”

கூட்டம் சொக்கிப் போனது. அந்தத் தெருவில் அச்சகம், கூரியர், ஜெராக்ஸ், டிக்கெட் பதிவு என்று கம்ப்யூட்டரை நம்பிப் பிழைக்கும் கடைகள் இருபதுக்கு மேல் இருந்தன. இரண்டு மாதமாக ஒரு மர்ம நோய் அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றைப் பிடித்து ஆட்டியது. நேற்று வரை நன்றாக இருந்த மெஷின் இன்று காலை எழுந்ததும் பேசாது. இன்டர்நெட் வராது. பிரிண்டரைத் தட்டினாலும் திட்டினாலும் தாள் வராது. திரையே பத்து வயது கூடிப்போய்க் களையிழந்து கிடக்கும். நோய் வந்தது, கூடவே மருந்தும் தாடி வைத்துக்கொண்டு வந்தது. சாமியாருக்கு அப்படி ஒரு மவுசு! கம்ப்யூட்டர் விற்கும் கடைக்காரரே தன் மெஷினைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாவம், அவருக்கு விற்கத்தான் தெரியும்.

அந்த வரிசையில் கமா அக்காவும் நின்றிருந்தாள். தெருக்கோடி அச்சகத்தில் பதினோரு வருடமாக டைப் அடித்து, பிழையும் திருத்துகிறவள். ஒரு கமா விட்டுப்போனாலும் அச்சுக்கு விடமாட்டாள்; அதனால் வந்த பெயர். எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் படித்துவிடுவது அவளுக்கு ஒரு வியாதி. பொட்டலம் கட்டிய காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்து, பேனாவால் திருத்திவிட்டுத்தான் குப்பையில் போடுவாள். சாமியாரிடம் நேரம் வாங்கிக்கொண்டு வரச்சொல்லி முதலாளி அவளை அனுப்பியிருந்தார்.

“சாமி, எங்க அச்சகத்து மெஷின் மறுபடி படுத்துடுச்சுங்க.”

சாமியாரின் புருவம் உயர்ந்தது. “மறுபடியுமா? நான்தான் ஓட்டினேனே. அப்புறம் வந்து காப்பும் கட்டினேனே.”

“ஆமாங்க. காப்புக் கட்டின மறுநாளே படுத்துடுச்சு.”

கூட்டத்தில் லேசாக ஒரு முணுமுணுப்பு. ஓட்டிய பேய் திரும்பி வந்தால் ஓட்டியவர் மேல்தானே சந்தேகம் வரும்? சாமியார் சந்தேகத்தை வளரவிடுகிற ஆளா? கண்ணை மூடினார். மயிலிறகை ஆட்டினார்.

“அந்த மெஷின்ல யார் கை அதிகம் படுது?”

“என் கைதாங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நான்தானே டைப் அடிக்கறேன்.”

“காட்டு.”

அவள் கையை நீட்டினாள். சாமியார் சூடு பட்டவர் போல இரண்டடி பின்னால் போனார். “அடடா! கைராசி இல்லாத கை! இந்தக் கை பட்டதெல்லாம் தோஷம். இது அங்க இருக்கற வரைக்கும் நான் எத்தனை தடவை ஓட்டினாலும் திரும்பி வரும்!”

தீர்ப்பு முடிந்தது. யார் அதிகம் வேலை செய்கிறாரோ அவர்தான் குற்றவாளி. அதே அச்சகத்தில் பகல் முழுக்கத் தூங்குகிற பைண்டர் மேல் எந்தத் தோஷமும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் அவளைவிட்டு நகர்ந்து நின்றார்கள். பதினோரு வருடமாக “அக்கா, அக்கா” என்று கூப்பிட்ட ஜெராக்ஸ் கடைக்காரர், அவள் அருகில் இருந்த தன் பேனாவை மெல்ல எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். கமா அக்காவுக்கு வந்த கோபத்தில் காது மடல் சூடானது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, நாளைக் காலை பத்து மணிக்கு நேரம் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

அவள் அச்சகத்துக்கு நடந்து வருவதற்குள் சேதி போனில் வந்து சேர்ந்திருந்தது. முதலாளி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மெஷினை அவர்தான் போடுவார். போட்டதும் திரையில் ஒரு பெட்டி வரும். அதில் நாலைந்து வரி எழுதியிருக்கும். அது துஷ்ட எழுத்து, படித்தால் கண் போய்விடும், கண்ணை மூடிக்கொண்டு ஓரத்துப் பெருக்கல் குறியை அழுத்தி மூட வேண்டும் என்பது சாமியாரின் கட்டளை. கண்ணை மூடிக்கொண்டு பெருக்கல் குறியைத் தேடுவது லேசான காரியமா? முதலாளியின் மவுஸ் திரை முழுக்கக் காணாமல் போன ஆட்டுக்குட்டி போல அலைந்துகொண்டிருந்தது.

கமா அக்கா பின்னால் நின்றாள். எதிரே எழுத்து. படிக்காமல் இருக்க முடியுமா? இங்கிலீஷ்தான். பேச வராது, எழுத்துக் கூட்டிப் படித்தால் புரியும். முதலாளி தேடி முடிப்பதற்குள் இரண்டு தடவை படித்துவிட்டாள்.

“முதலாளி, கண்ணைத் தெறங்க. என்ன செய்யணும்னு இங்கயே எழுதியிருக்கு.”

“படிக்காதம்மா! கண்ணு போயிடும்!”

“படிச்சாச்சுங்க, ரெண்டு தடவை. கண்ணு நல்லாத்தான் இருக்கு. உங்க சட்டையில மூணாவது பட்டன் மாறிப் போட்டிருக்கறதுகூடத் தெரியுது. மெஷினை யாரோ டயக்னாஸ்டிக்ல போட்டு வெச்சிருக்காங்க. அதனால பாதி வேலை நடக்கல. நார்மலுக்கு மாத்தினா சரியாயிடும்னு அதுவே சொல்லுது.”

முதலாளி ஒரே ஒரு கண்ணை மட்டும் திறந்தார். இரண்டும் போய்விட்டால் கஷ்டம் அல்லவா? “என்னல போட்டிருக்கு?”

“டயக்னாஸ்டிக்.”

“நாஸ்டிக்கா!” முதலாளி நாற்காலியோடு பின்னால் உருண்டார். “நாஸ்திகம்! சாமி அன்னைக்கே சொன்னாரும்மா, மெஷின் நாஸ்திகமாப் போயிடுச்சுன்னு. இப்போ அதுவே வாயால ஒத்துக்குது பாரு!”

“ஐயோ, அது நாஸ்திகம் இல்லைங்க.” அச்சகத்தின் ஒரே அகராதி, குட்டைக் கால் பிரிண்டர் மேசைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. கமா அக்கா குனிந்து அதை உருவினாள். மேசை ஒரு பக்கம் சாய்ந்தது. “இதோ. வியாதி என்னன்னு கண்டுபிடிக்கறது. அதுதான் அர்த்தம். எது கெட்டுப்போச்சுன்னு பார்க்கறதுக்காக, முக்கியமானதை மட்டும் ஓடவிட்டு மத்ததையெல்லாம் நிறுத்தி வைப்பாங்க போல. பார்த்து முடிச்சதும் நார்மலுக்குக் கொண்டுவந்துடணும். இங்க யாரோ கொண்டுவரலை.”

“யாரோன்னா?”

“கதவைச் சாத்திட்டு உள்ள தனியா இருந்தது யாருங்க?”

முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். சனிக்கிழமைக்குள் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலரை அச்சடித்துக் கொடுத்தாக வேண்டும். பயந்தவனுக்கு அவசரமும் சேர்ந்தால் அவன் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம்.

“சாமியைச் சந்தேகப்படாதம்மா. நாளைக்கு வராரு, ஓட்டறாரு. அதுக்கப்புறம் நீ மெஷினைத் தொடவே கூடாது. தொடாம உனக்கு இங்க என்ன வேலை சொல்லு? வேற இடம் பார்த்துக்கோ. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு.”

அவருக்கு மனசு கஷ்டம். அவளுக்கு வீடே கஷ்டம். ஆலையில் ஆள் குறைத்தபோது கணவருக்கு வேலை போய் ஆறு மாதம் ஆகிறது. படிக்கிற பிள்ளைகள் இரண்டு. கைராசி இல்லாதவள் என்று ஒரு தெரு முழுக்கப் பெயர் எடுத்தவளை அடுத்த தெருவில் மட்டும் யார் வேலைக்கு வைப்பார்கள்?

முதலாளி சாப்பிடப் போகும் நேரத்தில் அவளே மாற்றிவிடலாம். ஒரு நிமிட வேலை. அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரிந்தது. சாமியார் தன் வீட்டில் இருந்தபடியே ஊதி ஓட்டினார் என்று சொல்லி, அதற்கும் ஒரு கூட்டம் கைகூப்பும். சரியாக வேண்டியது மெஷின் மட்டும் அல்ல.

சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

“அந்த ஆளு உள்ள அப்படி என்னதான் பண்றாரு?” என்றார் கணவர்.

“மணி அடிக்கறாரு. புகை போடறாரு. மந்திரம் சொல்றாரு.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லையாம். மெஷினைத் தொடறதே இல்லைன்னு அவரே எல்லார் முன்னாடியும் சொன்னாருங்க.”

“தொடறதே இல்லைன்னா, தொடறதுக்கு அங்க ஒண்ணும் இல்லாட்டியும் ஓடணுமே!” கணவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டு ஒரு சட்டையை உதறினார்.

கமா அக்காவின் கையிலிருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. “என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க!”

“என்னடி சொன்னேன்? சட்டையில காலர் கிழிஞ்சிருக்குன்னா?”

“நீங்க மகாபுத்திசாலிங்க,” என்றாள். கல்யாணம் ஆகிப் பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக இதைக் கேட்ட கணவர், காலரைப் பார்த்தபடி வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை எப்போதும் போல அவள்தான் அச்சகத்தைத் திறந்தாள். சாவி பதினோரு வருடமாக அவளிடம்தான். பத்து நிமிடம் உள்ளே ஏதோ செய்தாள். பிறகு ஒரு பெரிய துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குத் தெருவே திரண்டுவிட்டது. கூரியர் ஆபீஸ்காரர் கடையை விட்டுவிட்டு வந்திருந்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். பைண்டர்கூட எழுந்து வந்திருந்தார்; அதுவே ஓர் அற்புதம்தான். சாமியார் வந்து இறங்கினார். வேலை என்னவோ மெஷினில், அவர் பார்வை போனது முதலாளியின் சட்டைப்பையில் இருந்த தடித்த கவர் மேல்.

“அந்தக் கை வெளியேதானே இருக்கு?”

“வெளியேதாங்க சாமி,” என்றாள் கமா அக்கா, ரொம்பப் பணிவாக.

“யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தா மந்திரம் பலிக்காது.”

கதவு சாத்திக்கொண்டது. மணி ஒலித்தது. கதவிடுக்கில் புகை கசிந்தது. “ஓம்... ஹ்ரீம்... ஸ்டார்ட்டாய நம!” என்று மந்திரம் கணீரென்று கேட்டது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு டொய்ங்குக்காகக் காத்திருந்தது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. டொய்ங் இல்லை. மந்திரம் பாதியில் நின்றது. மணி மட்டும் அடித்தது. பிறகு மணியும் தயங்கித் தயங்கி, யாரோ வேறு நினைப்பில் அடிப்பது போல அடித்தது.

“முரட்டு தோஷம் போலிருக்கு,” என்றார் கூரியர் ஆபீஸ்காரர்.

உள்ளே மேசை இழுப்பறைகள் தடதடவென்று திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஏதோ உருண்டது. நாற்காலி ஒன்று கீழே விழுந்தது.

“பேயோட சண்டை போடறாருய்யா!” ஜெராக்ஸ் கடைக்காரருக்குப் புல்லரித்துவிட்டது.

பதினைந்து நிமிடம். இருபது நிமிடம். கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. இடுக்கில் சாமியாரின் மூக்கு தெரிந்தது. வேர்த்து வடிந்துகொண்டிருந்தது.

“ஏம்பா... முதலாளி... இங்க வா. அது எங்க?”

“எது சாமி?”

“அதான்ப்பா. இங்க மேசை மேல இருக்குமே.”

“விபூதியா சாமி?”

“யோவ், மவுஸ் எங்கய்யா? கீபோர்டையும் காணோம்!”

கமா அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள். துணிப்பைக்குள் கைவிட்டு மவுஸை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

“இங்க இருக்குங்க சாமி. என் கை பட்டதெல்லாம் தோஷம்னு நீங்கதானே சொன்னீங்க? இதுலதான் பதினோரு வருஷமா என் கை பட்டிருக்கு. அதான் கீபோர்டையும் இதையும் வெளியே எடுத்துட்டேன். நீங்கதான் மெஷினைத் தொடறதே இல்லையே? மந்திரத்துக்கு மவுஸ் எதுக்குங்க?”

முதலில் சிரித்தது பைண்டர். தூக்கத்தில் இருக்கிறவர்களுக்குச் சில சமயம் சீக்கிரம் விளங்கிவிடுகிறது. அவரைத் தொடர்ந்து இரண்டு பேர், பிறகு பத்துப் பேர். மவுஸ் போன வழியே சாமியாரின் மவுசும் போக ஆரம்பித்தது.

“சிரிக்காதீங்க!” என்றார் சாமியார். “மந்திரம் உள்ள இறங்க ஒரு வாசல் வேணும். அந்த வாசல்தான் இது.”

“அப்படிங்களா? இந்தாங்க வாசல். கதவைத் தெறந்து வெச்சு எல்லார் முன்னாடியும் இறக்குங்க. நாங்களும் புண்ணியம் கட்டிக்கறோம்.”

“கூட்டத்துல மந்திரம் கூச்சப்படும்மா.”

“எனக்குக் கூச்சம் இல்லைங்க. நான் மந்திரம் இல்லாமயே பண்றேன். முதலாளி, ஒரே ஒரு தடவை தொடறேன். சரியாகலைன்னா நீங்க போகச் சொல்ல வேண்டாம், நானே போயிடறேன்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே ஒரு சந்தேகம் வந்தது. அவ்வளவு தூரம் படித்தது தப்பாக இருந்துவிட்டால்? அச்சிலேயே பிழை இருக்கும்போது திரையில் இருக்காதா? முதலாளி சாமியாரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், சனிக்கிழமையை நினைத்தார். “சரிம்மா, தொடு,” என்றார்.

கதவை அகலத் திறந்தாள். திரையை வாசல் பக்கம் திருப்பினாள். கீபோர்டையும் மவுஸையும் சொருகி, மெஷினை அணைத்துப் போட்டாள். அந்தப் பெட்டி வந்து நின்றது. பாதிக் கூட்டம் கண்ணைப் பொத்திக்கொண்டது.

“தெறங்க, தெறங்க. நான் படிக்கறேன், கேளுங்க. ‘இந்த மெஷின் கிளம்புகிற விதத்தை மாற்றியிருக்கிறீர்கள். இப்போது இது டயக்னாஸ்டிக் முறையில் இருக்கிறது. பழையபடி ஆக வேண்டும் என்றால் நார்மல் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.’ இவ்வளவுதான். யாருக்காவது கண்ணு போச்சா?”

யாருக்கும் போகவில்லை. அவள் சரி என்று அழுத்தியதும் அடுத்த பெட்டி விரிந்தது. அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வட்டங்கள். நடு வட்டத்தில், டயக்னாஸ்டிக் என்பதற்கு நேராக, கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி.

“இதோ பாருங்க உங்க பேய்,” என்றாள் கமா அக்கா. “கையெழுத்துல விட்டுப்போன புள்ளி அளவுதான் இருக்கு.”

மேல் வட்டத்தில், நார்மல் என்பதற்கு நேராக அழுத்தினாள். புள்ளி ஓர் எட்டு ஏறி உட்கார்ந்தது. சரி என்பதை அழுத்தி மெஷினை மறுபடி கிளப்பினாள். திரை கறுத்தது. முதலாளி ஆண்டு மலரின் பிழைதிருத்தப் பிரதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கமா அக்கா மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“டொய்ங்!”

மணி இல்லை. புகை இல்லை. திரைக்குப் பழைய களை வந்தது. இன்டர்நெட் வந்தது. பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தாளைத் துப்பியது. பழக்க தோஷத்தில் ஏழெட்டுப் பேர் கைகூப்பிவிட்டு, அசடு வழியக் கையை இறக்கினார்கள்.

“எல்லார்கிட்டயும் ஒண்ணு கேக்கறேன்,” என்றாள் அவள். “இவர் முதல்ல கடை கடையா இலவசமாத் திருஷ்டி கழிக்க வந்தாரே, அதுக்கு முன்னாடி யார் மெஷினுக்காவது இந்த வியாதி இருந்துச்சா?”

கூரியர் ஆபீஸ்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “இல்லையே... இலவசமா கழிக்கறேன்னு வந்தாரு. கதவைச் சாத்தினாரு. மறுநாள்தான் படுத்துச்சு.”

“எங்களுக்கும் மறுநாள்தான்!”

“எங்களுக்கும்!”

“சாமி வராத கடைக்காரங்க யாராவது இருக்கீங்களா?”

டிக்கெட் பதிவுக்காரர் கை தூக்கினார். “அன்னைக்கு நான் ஊர்ல இல்லைங்க. கடை பூட்டியிருந்துச்சு. என் மெஷின் நல்லாத்தான் ஓடுது. எனக்கு மட்டும் பேய் பிடிக்கலையேன்னு ரொம்ப நாளா வருத்தமா இருந்துச்சு.”

நாற்பது தலைகளும் சாமியாரின் பக்கம் திரும்பின. சாமியார் திருதிருவென்று விழித்தார். “கலி முத்திடுச்சு” என்றார். மயிலிறகை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

“ஏன் சாமி நடக்கறீங்க? மந்திரத்துல பறந்து போங்களேன்!” என்று பின்னாலேயே கத்தியவர், சற்று முன் புல்லரித்த அதே ஜெராக்ஸ் கடைக்காரர்தான். சாயம் வெளுத்த பிறகு வீரம் பொங்குவதற்குக் கேட்கவா வேண்டும்? கொடுத்த காணிக்கையைத் திருப்பிக் கேட்க நாலு பேர் சாமியார் பின்னால் ஓடினார்கள்.

முதலாளி கவரைச் சட்டைப்பையின் ஆழத்துக்குத் தள்ளினார். தொண்டையைக் கனைத்தார். “ஏம்மா... அந்த... வேற இடம் பார்க்கறதா சொன்னது...”

“நான் எங்கங்க சொன்னேன்? நீங்கதான் சொன்னீங்க.” அவள் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “என் இடம் இதுதான். மலரை எடுங்க, பதினாறாம் பக்கத்துல ரெண்டு பிழை நிக்குது.”

ஆனால் முதலில் வேறொன்றை டைப் அடித்தாள். மெஷினை எப்படி நார்மலுக்குக் கொண்டுவருவது என்று நாலே வரி. பெரிய எழுத்தில், பச்சைத் தமிழில், கமா முதற்கொண்டு சரியாக. நாற்பது பிரதி எடுத்து வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். இனி எந்தத் தாடி வந்தாலும் பிழைத்துக்கொள்வார்கள் என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

கூரியர் ஆபீஸ்காரர் தாளை இரண்டு கையாலும் வாங்கினார். நாலாக மடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, பக்தியோடு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

“அக்கா, இதை மெஷினுக்கு முன்னாடி ஒட்டணுமா, பின்னாடி ஒட்டணுமா? எந்தக் கிழமை ஒட்டினா நல்லது?”

கமா அக்கா அந்தத் தாளை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். மடிப்பைப் பிரித்து, அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“கண்ணுல ஒத்திக்கறதுக்கு இல்லைங்க இது. கண்ணால படிக்கறதுக்கு!”